மேல்தட்டில் இல்லாத பாறை

முத்தையாவின் அப்பாவுக்கு, அவனுக்கும் முன்னால் ஒருவனுக்கு அப்பாவாகியும் அப்படிக் கூப்பிடப்படாமலே போனவருக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது.

முதலில் நல்ல சேதி. முத்தையா தேவகோட்டையில் தலைமை ஆசிரியர் ஆகிவிட்டான். அவன் நாற்காலியில் உட்காருவதைப் பார்க்க நானே பஸ் ஏறிப் போனேன். அவன் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது, நானும் எழுந்து நின்றுவிட்டேன். நம் மகள் வள்ளியின் பெண் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அவள் தம்பி ஓட்டப் பந்தயத்தில் ஜில்லாவிலேயே இரண்டாவது. முதலில் வந்த பையனுக்குக் கால் நீளமாம். அதனால் நம் பேரன்தான் முதல் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

முத்தையாவின் மகன் சேகர் விவசாயக் காலேஜில் கடைசி வருடம். மண்ணைப் பற்றித்தான் படிக்கிறானாம். நம் வம்சத்தில் எல்லாரும் மண்ணை வெட்டினார்கள், சுமந்தார்கள், அதற்காக வாய்க்கால் சண்டைக்குப் போனார்கள். அதைப் படித்துப் பட்டம் வாங்கப் போகிறவன் இவன் ஒருவன்தான்.

பிள்ளைகளுக்குக் கடிதம் போட்டால் கடைசி வரியில் "புதுப் போட்டோ எடுத்திருந்தால் தபாலில் அனுப்பவும்" என்று எழுதுவீர்களே, அதை நான் விடவில்லை. சுவரில்தான் இடமில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நம் மூத்தவனை எங்கே வைத்தீர்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இந்தக் கடிதத்தை சேகர் அவன் காலேஜ் மலரில் போடக் கேட்கிறான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்தை அவன் காலேஜே படிக்கட்டும், எனக்கு என்ன வெட்கம்? ஆனால் நம் புஞ்சையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குப் புரிய வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கு மேலே மூன்று தட்டாக ஏறிப் போகிறது நம் புஞ்சை. எந்தக் காலத்திலோ யாரோ செம்பூராங்கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய கல்வரப்பு. கீழ்த்தட்டில் இப்போது ஐ.ஆர். எட்டு நெல் போடுகிறார்கள். அந்தச் சோறு உங்களுக்குப் பிடிக்காது. மேல்தட்டு மட்டும் நீங்கள் விட்டுப் போனபடியே இருக்கிறது. மேலே சரளை, அடியில் களி. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வெயில் ஏறினால் மண்வெட்டி பட்டு மணிச் சத்தம் கேட்கும். வேட்டியில் பட்ட சிவப்பு எத்தனை வெளுத்தாலும் போகாது.

அது தின்கிற மண். மறந்து போட்டுவிட்டு வந்த அரிவாள் அடுத்த மழைக்காலத்துக்குள் துருவாகக் கிடக்கும். கடலை போட்டால் செடி வரும், பூ வரும், காயும் பிடிக்கும். உடைத்தால் பொக்கு. ஆள் இல்லாத தொட்டில் மாதிரி இருக்கும் உள்ளே.

முத்தையா கல்யாணத்துக்கு முந்தி மயிலைக்காளை செத்ததே, நடுத்தட்டு ஓரத்தில் நீங்களே புதைத்தீர்களே, அதே இடத்தில் போன வருடம் மாங்கன்று வைக்கக் குழி தோண்டினான் முத்தையா. ஓர் எலும்பு இல்லை. அத்தனை பெரிய மாடு! மண் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். மாட்டுக்கே இந்தக் கதி என்றால், என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. மூத்தவன் ஒரு முழம் இருப்பானா?

பேர் வைப்பதற்கு முன்னால் போய்விட்டவன் அவன். விடிந்ததும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். பெற்றவளுக்கு இடத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் அவள் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள், அடுத்த பிள்ளைக்கு வயிறு திறக்காது என்பது வழக்கம். உங்கள் அம்மாதான் மனசு கேட்காமல், "மேல்தட்டுல வச்சிருக்கு ஆத்தா, அதுக்கு மேல கேக்காத" என்றார்கள். நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவும் இல்லை. உங்கள் உள்ளங்கை இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன. "மம்பட்டி பிடிச்சது" என்றீர்கள். சோற்றைப் பிசைய முடியாத உங்களுக்கு நான் உருண்டை பிடித்து ஊட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டிய வேளையில்.

அதற்குப் பிறகு மேல்தட்டில் நான் கால் வைத்ததே இல்லை. எங்கே மிதித்தாலும் அவன் மேல் மிதிப்பேனோ என்று பயம். கஞ்சி கொண்டு வந்தாலும் வரப்போடு சரி. அடுத்த புஞ்சைக் காளியம்மா கேலி செய்வாள்.

"ஏத்தா, மேல்தட்டு மண்ணு ஒன்னய மட்டும் கடிக்குமாக்கும்?"

"ஆமாத்தா, கடிக்கும்" என்பேன்.

மழை விட்டதும், தட்டில் நின்ற தண்ணீரைச் சரளை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். பால் குடிக்கிற சத்தம். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? வரப்பில் நின்று நான் கேட்டிருக்கிறேன். எனக்கு மார் கட்டிக்கொள்ளும், முத்தையா வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும்.

மேல்தட்டில் வேறு யாரையும் நீங்கள் ஏர் பூட்ட விட்டதில்லை. நடுவில் கொஞ்சம் வடக்கே தள்ளி ஓர் இடம் வந்தால் கலப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவீர்கள். "அங்குட்டு அடியில பாறை கெடக்கு, கொழு ஒடிஞ்சிரும்" என்பீர்கள். அந்த இடத்துக்கு மட்டும் குனிந்து கையால் விதை ஊன்றுவீர்கள். ஊர் அதற்கு 'ஐயா பாறை' என்று பேரே வைத்துவிட்டது. நீங்கள் போன பிறகும் ஏர்க்காரர்கள் அதைச் சுற்றித்தான் போகிறார்கள்.

அந்தப் பாறைக் கடலை மட்டும் பொக்காக இருக்காது. செடி கருகருவென்று நிற்கும், காய் இரட்டைப் பருப்பாகத் திரண்டிருக்கும். பிடுங்க வருகிற பெண்களுக்குள் அதற்குச் சண்டை.

"போன வருசம் பாறை ஒனக்கு. இந்த வருசம் எனக்குத்தான்."

"ஏண்டி, பாறை என்ன ஒங்கப்பன் வீட்டுச் சீதனமா?"

நானும் வரப்பில் நின்றுகொண்டு சிரித்திருக்கிறேன்.

இந்த வருடம் கடலை பிடுங்குகிற சமயம் சேகர் லீவில் வந்தான். பையில் நீலத்தாளும் பாட்டிலில் தண்ணீரும். ஒவ்வொரு தட்டு மண்ணையும் ஒவ்வொரு கிண்ணத்தில் கரைத்துத் தாளை நனைத்தான். எல்லாத் தாளும் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்தன.

"மண்ணு புளிச்சுக் கெடக்கு அப்பத்தா" என்றான். "இதுல இருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் காலங்காலமா மழை கழுவிக்கிட்டுப் போயிருச்சு. கடலை பொக்காப் போறது அதனாலதான். இரும்பு, எலும்பு எதையும் இது விட்டு வைக்காது."

"எலும்பக் கூடவா?"

"ஆமா. கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சிரும்."

வரப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். அவன் கவனிக்கவில்லை. ஐயா பாறை மண்ணைக் கரைத்துத் தாளைப் போட்டான். தாள் நீலமாகவே இருந்தது. வேறு தாள் போட்டான். அதுவும் நீலம்.

"இதென்ன கூத்து!" என்று கடப்பாறையை எடுத்துப் போய்க் குத்தினான். ணங்கென்று கேட்கும் என்று நான் காதை வைத்துக்கொண்டிருந்தேன். சதக்கென்று இறங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினான். சிரித்தான்.

"அப்பத்தா, இங்குட்டுப் பாறையே இல்ல! ஐயா ஊரையே ஏமாத்திட்டுப் போயிருக்காக!"

மண்ணைக் கை நிறைய அள்ளி எனக்குக் காட்டினான். சிவப்புக்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ. "கிளிஞ்சல் அப்பத்தா. காளவாயில சுட்ட கிளிஞ்சல், பாதி வெந்தும் வேகாமலும். இத ஆரு இங்கன கொண்டாந்து கொட்டுனது? ஐயா இங்குட்டு வீடு கட்டப் பாத்தாகளா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம் மூத்தவன் போன அந்த மாதம் காரைக்குடியில் யாரோ செட்டியார் வீடு கட்ட, சுட்ட கிளிஞ்சலை நீங்கள் வண்டியில் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நீற்றாத சுண்ணாம்பு ஈரக் கையில் பட்டால் வெந்துபோகும். பிறந்ததிலிருந்து மண்வெட்டி பிடித்த கை மண்வெட்டிக்காகவா கொப்புளித்தது? அன்றைக்கு உங்கள் கை ஈரமாக இருந்திருக்கிறது. மழை இல்லை. ஈரம் எங்கிருந்து வந்தது என்று இனி யாரிடம் கேட்பேன்?

"இன்னும் ரெண்டு முழம் தோண்டுனா அடியில என்னன்னு தெரிஞ்சிரும்" என்று சேகர் கடப்பாறையை ஓங்கினான்.

நான் வரப்பை விட்டு இறங்கினேன். சரளை காலில் குத்தியது. போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன அப்பத்தா, வெயில்ல மயக்கமா? எந்திரி."

"கடப்பாறையக் கீழ வையி."

"ஏன், ஐயா பொதையலு வச்சிருக்காகளா?"

"ஒங்க பெரியப்பா படுத்திருக்காக."

அவன் என்னைப் பார்த்தான். "எனக்கு ஏது பெரியப்பா? அப்பாதான மூத்தவுக?"

"இல்லய்யா. ஒங்கப்பா ரெண்டாவது."

கடப்பாறையைச் சத்தம் வராமல் கீழே வைத்தான். வரப்பு வரைக்கும் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். மண்வெட்டி பக்கத்தில் இருந்தும் தொடாமல், குத்திய குழிகளைக் கையாலேயே மூடினான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பேசினபோது காலேஜ் பேச்சாக இல்லை.

"அப்பத்தா, சுண்ணாம்பு இருக்குற எடத்துல இந்த மண்ணு தின்னாது."

"அப்படின்னா?"

"அப்படியே இருப்பாக."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அத்தனையும் தின்கிற மண், உங்கள் பிள்ளையை மட்டும் தொடவில்லை.

உங்களுக்கு அது தெரியுமா? நரி தோண்டிவிடும் என்றுதான் சுண்ணாம்பைக் கொட்டினீர்களா? இல்லை, இந்த மண்ணின் குணம் தெரிந்து, வெந்த கையோடு அவனைச் சுற்றி அடுக்கினீர்களா? பாறைக் கடலையை நான் வறுத்துத் தட்டில் வைக்கும்போதெல்லாம் "பல்லு வலி" என்று தள்ளி வைப்பீர்களே, எல்லா வருடமுமா ஒருவருக்குப் பல் வலிக்கும்? நாங்கள் தின்னும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்? சொல்லியிருந்தால் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்தீர்கள். உட்கார்ந்துதான் இருப்பேன். இப்போது உட்காரவில்லையா?

அன்றைக்குச் சாயங்காலம் முத்தையாவிடம் சொன்னோம். ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைவன், வீட்டில் ஒரே நாளில் இரண்டாவதாகிவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான். "அண்ணே ஆரு சாயல்ல இருந்தாகம்மா?"

எத்தனையோ பிள்ளை முகங்களைச் சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கிறேன், அவன் முகம் மட்டும் எனக்கு வரவில்லை. நெற்றி வருகிறது. அதற்குக் கீழே வரவில்லை. மண் தின்னாததை நான் தின்றுவிட்டேனோ?

அடுத்த விதைப்புக்கு முன்னால் மூன்று தட்டுக்கும் சுண்ணாம்பு போட வேண்டும் என்கிறான் சேகர். போட்டால் இரண்டு மூன்று வெள்ளாமைக்குள் தட்டு முழுக்க ஒரே பச்சையாகிவிடுமாம். "அப்பறம் எந்த எடம்னு தெரியாதே அப்பத்தா, அங்கன ஒரு கல்லு நட்டுருவமா?" என்றான். வேண்டாம் என்றேன். போடு, எல்லாத் தட்டுக்கும் போடு என்றேன். உங்களால் அன்றைக்கு மூத்தவன் அளவுக்குத்தான் சுண்ணாம்பு கொண்டு வர முடிந்தது. இப்போது அவன் தம்பி மகன் அந்தப் புஞ்சை முழுக்கக் கொட்டப் போகிறான். பொக்கு இல்லாத மேல்தட்டில் அவன் படுத்திருக்கட்டும்.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. பச்சை ஒன்றாகிப் போனாலும் அந்த இடத்தில் ஏர் இறங்காது, கடப்பாறை படாது. கையால் ஊன்றி விதைக்கிற வேலை இனி என்னுடையது, எனக்குப் பிறகு சேகருடையது. ஊரில் யார் கேட்டாலும் பாறை என்றே சொல்வோம். காலேஜ் மலர் நம் ஊருக்கு வராது. நீங்கள் சொன்ன ஒரே பொய் அப்படியே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. அங்கே அவன் உங்களோடுதானே இருக்கிறான்? புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் உட்கார்ந்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு. அவன் முகம் இந்தப் பக்கம் திரும்பி இருக்கட்டும். சுவரில் நடு இடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவனின் அம்மா