இருவர் படுத்துப் பார்த்தது

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்றுவரை தாக்குப்பிடித்து வருகிற அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் உன் மருமகளான என் மகளும் நலம். என் இடது முட்டி மட்டும் நலமில்லை. அது எனக்கு ஒத்துழைப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. நீ நிறுத்தி ஆறு வருஷம். முட்டி பரவாயில்லை.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. தப்பித் தவறி எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. மேசைமேல் வைத்துவிட்டுப் போனாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். என்னைத்தான் யாராலும் திருத்த முடியவில்லை.

முதலில் கம்பெனிச் செய்தி. ஃபோம் வெட்டப் புது மெஷின் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் அளவைத் தட்டினால் போதும், அதுவே வெட்டிக்கொள்கிறது. இருபது வருஷம் கையால் வெட்டின நம் நெட்டை, பக்கத்தில் நின்றுகொண்டு "பாத்து, பாத்து, ஓரம் ஓரம்" என்று அதற்கு வழி சொல்லிக்கொண்டே இருக்கிறான். மெஷின் தன் பேச்சைக் கேட்டுத்தான் வெட்டுகிறது என்று நினைப்பு. யாரும் மறுத்துச் சொல்லவில்லை. வெள்ளை வெள்ளையாக ஃபோம் பாளங்கள் கூரைவரை நிற்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோம் தூள் கீழே இறங்க மனசில்லாமல் மிதந்துகொண்டே இருக்கிறது. சில மத்தியானங்களில் அதற்கு நடுவே நடந்து போகும்போது, என் கால் தரையில்தான் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

நாம் மெத்தைகளைப் படுத்துப் பார்க்கிற அறையும் அப்படியே இருக்கிறது. அதே நீலத் திரை. வெயில் அதன் வழியாக வடிந்து வந்தால், குளத்துக்கு அடியில் படுத்திருப்பதுபோல இருக்கும். "அத்தான், மீன் ஒண்ணுதான் குறைச்சல்" என்பாய். இரட்டை மெத்தையில் புது மாதிரி எது செய்தாலும் நாம் இருவரும் அதில் படுத்துப் பார்த்த பிறகுதானே கடைக்குப் போகும்? நீ புரளுவாய். புரண்டுவிட்டு "தெரிஞ்சுதா?" என்று கேட்பாய். கண்ணை மூடியபடி நான் "தெரியல" என்றால் மெத்தை தேறியது. அடுத்து நான் புரண்டு கேட்டால், நீ பதில் சொல்லாமல் குறட்டை விடுவாய். அதைவிடப் பெரிய தேர்ச்சி உண்டா? அதைத்தான் அட்டையில் அச்சடித்து மெத்தை ஓரத்தில் தைத்தோம்: "இருவர் படுத்துப் பார்த்தது." அந்த அட்டையைப் பார்த்தே வாங்கினவர்கள் எத்தனையோ பேர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மருமகள் படிப்பை முடித்துவிட்டு, வெளியூரில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தும் அதற்குப் பதில் போடாமல், நம் கம்பெனிக்கே வந்துவிட்டாள். வந்த முதல் வாரமே என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பா, மெத்தை விக்கிறத நிறுத்திடலாம்" என்றாள். அப்படியானால் தெருவில் நின்று சும்மா கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எவனெவனோ மெத்தையைச் சுருட்டி டப்பாவுல போட்டு வீட்டுக்கே அனுப்புறான். அவன் விலைக்கு நம்மால இறங்க முடியாது. நாம வேற மாதிரி போகலாம். மெத்தைய வீட்டுல போட்டுட்டு வருவோம். மாசாமாசம் வாடகை. தூக்கம் சரியில்லன்னா நாமளே போய் எடுத்துட்டு வேற போடுவோம். அவங்க தூக்கத்துக்கு நாம பொறுப்பு" என்றாள்.

இது உன் பேச்சு அல்லவா மச்சான்? ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் நீ சொன்னாய்: "அத்தான், வித்துட்டா அதோட உறவு முடிஞ்சுபோச்சு. வாடகைக்கு விட்டா மாசாமாசம் திட்டுறதுக்காச்சும் வருவாங்க." நான் என்ன செய்தேன்? எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "கேட்டீங்களா, படுக்கிறதுக்கு வாடகையாம். அப்போ கனவுக்குத் தனி மீட்டர் வைப்பீங்களா மச்சான்?" என்று கேட்டேன். தையல்காரப் பெண்கள் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நெட்டை தரையில் உட்கார்ந்தே சிரித்தான். அன்றிலிருந்து உன் பெயர் மீட்டர். அடுத்த மாதம் நீ பெட்டியைக் கட்டினாய்.

அதனால் இந்த முறை நான் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். "சரி, முப்பது வீட்டுல போட்டு மூணு மாசம் பாரு. தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது" என்றேன். அவளும் "சரிப்பா" என்றாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவள் தோற்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். அவள் ஜெயித்தால் நீ ஜெயித்தது போலாகிவிடுமே!

முப்பது வீட்டிலும் மெத்தைக்கு அடியில், படுப்பவர்கள் சம்மதத்தோடு, மெல்லிசாக ஆளுக்கு ஒரு பட்டை வைத்தாள். ஆள் புரண்டால், எழுந்தால், மூச்சு நிதானமானால் அது தெரிந்துகொள்ளும். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் கோடு கோடாக விழும். ஒரு ஆளுக்கு ஒரு கோடு. முதல் நாள் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை மச்சான். அலை போல ஏறி, இறங்கி, அடங்கி, மறுபடி ஏறுகின்றன. முகம் தெரியாத ஐம்பது அறுபது பேர் ஒரே ஏரியில் படகு விட்டுக்கொண்டிருப்பதுபோல. எந்த வீடு, என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஏழாம் நம்பர் வீட்டில் ஒருவர் விடியும் முன்னே மெதுவாக எழுந்துவிடுகிறார் என்று தெரியும். இருபத்திரண்டில் யாரோ குழந்தை மாதிரித் தூங்குகிறார்கள். முப்பது வருஷமாக மெத்தை விற்றவனுக்கு, விற்ற மெத்தையில் அதன்பிறகு என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவேன். டீ ஆறிப்போகும்.

இரண்டாம் மாதம் மெத்தைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, நாலு. மொத்தம் பதினொன்று. அத்தனையும் இரட்டை மெத்தை.

உன் மருமகள் கோடுகளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒருவர் கோடு துள்ளினால் பக்கத்தவர் கோடும் கூடவே துள்ளுகிறது. ஒருவர் புரண்டால் இன்னொருவருக்கு விழிப்பு. "ஆனா இது ரெண்டு பேர் படுத்துப் பாத்துத் தேறின மெத்தைதானப்பா? அப்ப தப்பு என் யோசனையிலதான். திருப்பிக் குடுக்கலாம்னு சொன்னா சும்மாவே திருப்பிக் குடுப்பாங்க போல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தோத்துட்டேன்பா. அந்த வெளியூர் வேலைக்கு வரேன்னு நாளைக்கு பதில் போட்டுடறேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காமல் படி. சிரித்தாலும் பாதகமில்லை, உன் முறை.

நீ போன பிறகு புரளுவதற்கு ஆள் இல்லை. நெட்டையைப் படுக்கச் சொன்னேன். அவன் கால் மெத்தைக்கு வெளியே அரை கஜம் தொங்குகிறது. உன் அக்கா படுத்தால் விடியும்வரை மரக்கட்டை. புரளுவது என்ற பேச்சே இல்லை. வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். உன் இடத்தில் இன்னொருத்தனைப் படுக்க வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு கோணிச் சாக்கில் மணலை நிரப்பி, உன் எடைக்குச் சரியாகத் தைத்து, அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். நெட்டை அதற்கு மீசை வரைந்தான். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவன் மூட்டையை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "மீட்டர் புரண்டுட்டாருங்க" என்பான். நான் "தெரியல" என்பேன். மத்தியான நேரம், நீலத் திரை, சாப்பாடு வேறு. எப்படித் தெரியும்? பாதி நாள் மூட்டைக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன். எழுந்து நோட்டில் எழுதுவேன்: இருவர் படுத்துப் பார்த்தது, தேர்ச்சி. நடுவில் ஃபோமையும் மாற்றினோம். புது ஃபோம் பஞ்சு மாதிரி மெத்துமெத்தென்று இருந்தது. அதற்கும் தேர்ச்சி. ஆறு வருஷம் அந்த அட்டையைத் தைத்து விற்றிருக்கிறேன் மச்சான். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து கேட்கவில்லை. விற்றதோடு அவர்கள் தூக்கம் அவர்கள் பாடு. நீ சொன்னது இதைத்தான். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மகள் தோற்றேன் என்று சொன்ன மத்தியானம் நான் போய்ச் சோதனை அறையில் படுத்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் யோசனை செத்துவிடும், என் நோட்டுப் பிழைத்துவிடும், நீயும் தோற்றவனாகவே இருப்பாய். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் மெத்தை நீண்டுகொண்டே போயிற்று. விளையாட்டு மைதானம் அளவுக்கு, அப்புறம் கண்ணுக்கெட்டாத அளவுக்கு. அதன்மேல் அந்த முப்பது வீட்டு ஜனங்களும் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார்கள். எல்லோர் மேலும் ஃபோம் தூள் பனி மாதிரி இறங்குகிறது. வெகு தூரத்தில், அந்தக் கோடியில், நீ. எனக்கு உன் முதுகு தெரியாதா? நீ மெதுவாகப் புரண்டாய். மெத்தை முழுவதும் ஒரு அலை கிளம்பி, படுத்திருந்த ஒவ்வொருவரையும் தூக்கி இறக்கி, கடைசியில் என்னிடம் வந்து என்னையும் தூக்கிற்று. நீ ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே "தெரியுது மச்சான், தெரியுது" என்றேன். சத்தமாகச் சொல்லியிருப்பேன் போல. கண் விழித்தால், கதவருகில் நெட்டை நின்றுகொண்டு, "ஐயா, நான் இன்னும் மூட்டையத் தள்ளவே இல்லையே" என்றான்.

நேராக உன் மருமகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, மீசை, நோட்டு, ஒன்று விடவில்லை. "உன் யோசனை தோக்கலம்மா. என் மெத்தைதான் தோத்துச்சு. உன் யோசனைதான் அதைக் கண்டுபிடிச்சுது" என்றேன். "ஆறு வருஷமாவா?" என்று கேட்டாள். எழுந்து போய்த் தையல் மேசையிலிருந்த அட்டைகளை எல்லாம் வாரி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். ஏற்கெனவே விற்ற வீடுகளுக்கும் எழுதப்போகிறாளாம், வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று. நான் மறுக்கவில்லை. உன் அக்காவோ, "கட்டினவ ஒருத்தி இருக்கையில மணல் மூட்டைகூடப் படுத்திருக்காரு மனுஷன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்னால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

வெளியூர் வேலைக்கு அவள் வரவில்லை என்று பதில் போட்டுவிட்டாள். மெத்தையில் ஃபோமை மூன்று அடுக்காக மாற்றிச் செய்கிறோம். ஒருவர் அசைந்தால் இன்னொருவர் பக்கம் போகாதபடி. பதினொரு வீட்டில் எட்டு வீட்டுக்காரர்கள், மாற்றிப் போட்டால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியையே வாடகை வழிக்குத் திருப்ப வேண்டுமென்றால் பங்குக்காரர்களான நாம் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து போட்டாயிற்று. கோணலாக இருக்கும். எப்போதும் அப்படித்தான்.

இன்னொன்று. மீட்டர் என்று இனி யாரும் சொல்லக்கூடாது என்று கம்பெனியில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னேன். "அப்ப அவரை என்னன்னு கூப்பிடறது?" என்று நெட்டை கேட்டான். முதலாளி என்று கூப்பிடு என்றேன்.

நீ கையெழுத்தைப் போட்டுத் தபாலில் அனுப்பினாலே உன் மருமகளுக்கு வேலை முடிந்துவிடும். எனக்குத்தான் முடியாது. புது மெத்தையை யாரும் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை. நான் விடவில்லை. உனக்கும் வயதாகியிருக்கும். முன்னைப்போலப் புரள வராவிட்டால் மெதுவாகப் புரளு, யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை.

நீ இருக்கும் இடத்தில் உனக்கு நல்ல தூக்கம் வரட்டும். வரவில்லையென்றால், வண்டி ஏறிவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்