வலி நின்ற பல்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அக்காவும் பிள்ளைகளும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், வேலை இருக்கிறது என்று பாதியில் மூடி வைக்காமல் கடைசி வரை படி.

தையல் கடையில் நூலைப் பல்லால் கடித்துக் கடித்தே என் முன்பல்லில் விரிசல் விட்டது உனக்குத் தெரியும். வலி தொடங்கியதும் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். பல்லைப் பற்றியே படித்து, பல்லைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற பிள்ளை இருக்கும்போது வேறு யாரிடம் சொல்வேன்? நீயும் வாய் ஓயாமல் பேசினாய். பல்லுக்குள்ளே மெத்தென்று சதை இருக்கிறதாம், அதில் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களாம். அடிபட்டால் ஒரு நரம்பு ஏதோ ரசாயனத்தைக் கசியவிடுமாம், உடனே குழாய் விரிந்து ரத்தம் ஓடிவருமாம். இன்னொரு நரம்பு வேறொன்றை விட்டுக் குழாயைச் சுருக்குமாம், இரண்டும் சேர்ந்துதான் ரத்தத்தை அளவாக வைக்குமாம், வலி தானாக அடங்கிவிடுமாம். அந்த ரசாயனத்தின் பெயரைக்கூட இரண்டு தடவை சொன்னாய். தூங்கினாயா என்று ஒரு தடவை கேட்கவில்லை. கடைசியில், "யார்கிட்டயும் காட்டாதம்மா, பிடுங்கிப் போட்டுடுவாங்க, லீவு கிடைச்சதும் நானே வந்து பாக்குறேன்" என்றாய்.

நம்பிக் காத்திருந்தேன். டாக்டரிடம் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்த உன் அக்கா மேல், உன் தம்பி வரட்டும்டி என்று எரிந்து விழுந்தேன். தையல் மிஷின் ஓடுகிற அதிர்வே பல்லில் போய்க் குத்தும், அப்படியும் உட்கார்ந்து தைத்தேன். பிறகு ஒரு நாள் காலையில் வலி சுத்தமாக இல்லை. சந்தோஷமாக உனக்குச் சொன்னேன். "நான்தான் சொன்னேனேம்மா, தானா அடங்கிடும்னு" என்றாய், இப்போதைக்கு லீவு கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாய்.

பல் சாம்பல் நிறமாகிவிட்டது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் அக்காவோடு பல் டாக்டரிடம் போனேன். பஞ்சில் எதையோ தெளித்து, ஐஸ் மாதிரி ஆக்கிப் பல்லில் வைத்தார். பக்கத்துப் பல்லில் வைத்தபோது துள்ளிவிட்டேன், இதில் வைத்தது தெரியவே இல்லை. "வலி நின்னது குணமாகி இல்லம்மா, பல்லு உள்ள செத்துப்போச்சு" என்றார். ரத்தம் பாய்ந்து உள்ளே வீங்கியதாம், சுற்றிலும் கெட்டியான பல் என்பதால் வீங்க இடமில்லாமல் அந்தக் குழாயே நசுங்கிப் போனதாம். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டார். பையன் ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன், நீ என்ன படித்தாய் என்று சொல்ல வாய் வரவில்லை.

இது உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருக்கும். அம்மாவுக்கு வலி இல்லை என்றால் வர வேண்டியதும் இல்லை, அவ்வளவுதான் உன் கணக்கு. டாக்டர் பல்லைப் பிடுங்கவில்லை, வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்து அடைத்திருக்கிறார். நீ பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அதை மட்டும் மனசார வாழ்த்துகிறேன். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். எப்போது வருவாய் என்று அம்மா இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, பக்குவம் வந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னாயாமே. வலி நின்றுவிட்டது என்று நானும் உன்னிடம் அப்படித்தான் சந்தோஷமாகச் சொன்னேன்.

இப்படிக்கு,
அம்மா