இரண்டாவதாக வந்தவரின் கடவுச்சொல்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே எரிச்சல். நான் புரோகிராமராக இருக்கும் கம்பெனி செய்து கொடுத்த நெசவாளர் சங்க வலைத்தளத்தில் காவேரி அண்ணியால் உள்ளே நுழையவே முடியவில்லை. எப்போதும் "கடவுச்சொல் தவறு". வெள்ளிக்குள் வருகை பதியாவிட்டால் நெசவாளர் பட்டியலில் அண்ணியின் பெயர் இருக்காது. அண்ணனுக்கு மட்டும் தினமும் ஒழுங்காகப் பதிகிறது. அதே தறி, அதே போன்.

முதலாளி பிரேம்நாத்திடம் சொன்னேன். "பொம்பளைங்களுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காதும்மா" என்றார். அண்ணி போனில் கேட்டபோதும் இதையேதான் சொன்னாராம். ஆபீசே சிரித்ததாம். அன்று நான் லீவு.

ஜூன் 4, புதன்

அண்ணி சாப்பிடவில்லை. "கண்ணாலம் ஆன நாளா நெய்துக்கினு இருக்கறேன் கீர்த்தி. நான் நெசவுக்காரி இல்லியாமே."

ஜூன் 5, வியாழன்

வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தேன். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை; உடலுக்கு அண்ணன், கரைக்கு அண்ணி, இரண்டு பேரும் உட்கார்ந்தால்தான் ஓடும். போன் ஒன்றுதான். முதலில் அண்ணன் பதிகிறார். பக்கத்தைப் புதிதாகத் திறக்காமலே தகவலை அனுப்பும் அஜாக்ஸ் முறை என்பதால் பக்கம் மாறுவதில்லை; படிவம் காலியாகி அப்படியே நிற்கிறது. அடுத்து அண்ணி. தவறு.

சே! ஒருவர் நுழைந்ததும் தளத்தை ஓட்டும் ஜாங்கோ மென்பொருள், படிவத்தோடு போகும் பாதுகாப்புக் குறியை மாற்றிவிடும். பக்கம் மாறாததால் படிவத்தில் பழைய குறியே கிடக்கிறது. அடுத்து வருபவரை சர்வர் "403, அனுமதி இல்லை" என்று துரத்துகிறது. அவருடைய கடவுச்சொல்லை அது பார்ப்பதுகூட இல்லை. எந்தப் பிழை வந்தாலும் "கடவுச்சொல் தவறு" என்று காட்டச் சொன்னது யார்? பிரேம்நாத். "யூசருக்கு அது போதும்."

யார் எப்போது நுழைய முயன்றார்கள் என்ற சர்வர் பதிவுகளைத் திறந்தேன். தெருத்தெருவாக இதே கதை. முதலில் புருஷன், பிறகு பெண்டாட்டி. ஒருத்திகூட மறக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சர்வரின் பதிலோடு புதுக் குறியையும் அனுப்பிப் படிவத்தில் மாற்றினேன். இரண்டே வரி. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும்படி சங்கத்துக்கு எழுதலாம் என்று பிரேம்நாத்திடம் சொன்னேன்.

"நம்ம தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? வேலை வேணுமா, வேணாமா?"

எழுதி அனுப்பினேன். வேலை போனது. போகட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

சங்கச் செயலாளர் போன் செய்தார். விடுபட்ட பெண்கள் எல்லோரையும் சேர்த்துவிட்டார்களாம். அண்ணியிடம் சொன்னேன்; சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அந்த ஆளு மன்னிப்பு கேட்டானா?"

"இல்லை அண்ணி."

"ஆபீசு எங்க இருக்குது?"

சொன்னேன். அண்ணி தறியை விட்டு எழுந்து செருப்பை மாட்டினார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாளும் கிளம்பினார். தெருமுனை தாண்டுவதற்குள் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் மாடியேறியபோது படி முழுக்கப் பெண்கள். பிரேம்நாத் பேசிக்கொண்டிருந்த போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.