வசந்தன், மோட் ஏறிடுச்சு

வசந்தன்,

உன் கேமுக்குப் போடணும்னு நின்ன மோட் ஏறிடுச்சு. நீ கத்தின மாதிரி நான் எதையும் அழிக்கல லா. லினக்ஸ்ல ஃபைலை கேம் ஃபோல்டர்ல போட்டா மட்டும் பத்தாது. அதுல விண்டோஸ் கேமை ஓட்டுற வைன்ங்கிற புரோகிராமுக்கு, இந்த ஃபைலைத்தான் எடுக்கணும்னு தனியா சொல்லணும். நீ சொல்லல. மோட் ஏறலைன்னு கீபோர்டைத் தூக்கி என் மூஞ்சியில அடிச்ச. ரத்தம் வழிய வழிய நான்தான் வைனுக்குச் சொன்னேன்.

மீன் கறி அடுப்பு மேல இருக்கு. சுவத்துல தெறிச்ச ரத்தத்தை நீயே தொடை. ஜாசின் டவுன் கிளினிக்கில புருவத்துக்குத் தையல் போட்டுக்கிட்டு அப்படியே வேலைக்குப் போறேன்.

தேவமலர்

வைனுக்கு ஒரு தடவைதான் சொன்னேன், கேட்டுக்கிச்சு. உனக்கும் ஒரு தடவைதான். வெட்டு குத்தெல்லாம் கேமுக்குள்ள வச்சுக்க.

கதவுக்குப் பின்னால தொங்கின பாராங் கத்தியைத் தேடாத. இனிமே அது என் தலகாணிக்கு அடியிலதான் தூங்கும்.