ஃபினிக்குப் புரிந்தது

மார்ச் 4

ஆய்வகத்தில் ஃபினிக்கு இன்றும் தண்ணீர் கிடையாது. தாகம் இருந்தால்தானே ஆப்பிள் சாற்றின் ஒரு சொட்டுக்காகக் குரங்கு வேலை செய்யும்! இரண்டு ஒலிகள் கேட்கும். ஒன்றேபோல் இருந்தால் வலது ஒலிபெருக்கியைத் தொட வேண்டும், வேறாக இருந்தால் இடது. பழகிய ஒலிகளில் தவறுவதே இல்லை. ஆனால் ‘ஒன்றேபோல்’ என்பதே அவளுக்குப் புரிந்ததா, வெறும் மனப்பாடமா? கேட்டே இராத ஒலிகளை வைத்தால்தான் தெரியும். தோற்றால் மேல்மாடி. அங்கே மண்டையைத் திறக்கிறார்கள்.

மார்ச் 6

புது ஒலிகளிலும் தேறிவிட்டாள்! பேராசிரியர் ஓவர்பெக் ஷாம்பெய்ன் திறந்தார்.

மார்ச் 7

கூட வேலை பார்க்கும் ஹெய்கோ என்னிடம் சாவகாசமாகச் சொல்கிறான்: “போன வாரமே அந்தச் சத்தத்த எல்லாம் வச்சுப் பழக்கிட்டேன், மெரெட். புதுசா கேட்டா மிரண்டுடும்ல?”

அட மடையா! பழக்கிவிட்டால் அது என்ன புதுசு?

ஓவர்பெக்கிடம் ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மீசையில் வெண்ணெய். “வெளிய சொல்லாத. அதுக்குப் புரிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியும்ல?”

தெரியுமென்றால் சோதனை எதற்கு? நான் வாயைத் திறந்தால் தேறியது செல்லாமல் ஃபினி மேல்மாடிக்குப் போவாள். மூடியிருந்தால் நானும் இந்தப் பொய்யில் ஒருத்தி. சீ!

மார்ச் 10

என் வீட்டுக் காபி அரவை, டிராம் மணி, ஜாக்கெட் ஜிப்... ஃபினி கேட்டே இராத சத்தங்களைப் பதிவு செய்துவிட்டேன். ஹெய்கோ கண்ணில் காட்டவில்லை.

மார்ச் 12

அரவை, அரவை. மயிர் சிலிர்த்து மூலைக்கு ஓடினாள். மெல்லத் திரும்பி வந்து வலதைத் தொட்டாள். ஜிப், மணி. இடது! கடைசிவரை அப்படித்தான். அழுதுவிட்டேன். மனப்பாடம் இல்லை, அவளுக்குப் புரிந்தே இருக்கிறது. முடிவுகளை ஓவர்பெக் மேஜையில் வைத்து, “இனி பொய் வேண்டாம்” என்றேன். ஃபினி பிழைத்துக்கொண்டாள்.

மார்ச் 14

ஓவர்பெக் என் கையைக் குலுக்கினார். ஈரக் கை. “பிரமாதம்! மேல்மாடியில இப்படி ஒரு மண்டைக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க.”

“தோத்தாத்தானே மேல்மாடின்னீங்க?”

“தோத்தாலும் மேல்மாடிதான், சில்லறைச் சோதனைக்கு. புரிஞ்சுக்கிட்ட குரங்கத் திறந்தாத்தானே அந்தப் புரிதல் மூளையில எங்க இருக்குன்னு தெரியும்?” சிரிக்கிறான், படுபாவி. சோதித்து நிரூபித்தது நான்தானே!

ஏப்ரல் 2

மேல்மாடி. ஃபினியின் தலையில் உலோக மூடி, பக்கத்தில் சிரங்கு மாதிரி காய்ந்த ரத்தம். என் அரவை ஒலியைப் போட்டார்கள். சரியாகத் தொட்டாள். யாரோ என் பெயரைச் சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.