பென்சிலில் இருக்கும் பேத்தி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், என் முழங்காலையும் உன் அப்பாவின் பிடிவாதத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால். நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனில் பேசிய லட்சணம்தான் நான்கு வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டதே. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன் அப்பா வீட்டாரின் பெருமையைக் கேள்.

உன் பெரியப்பா குடும்ப சங்கம் ஆரம்பித்திருக்கிறார். தலைவர் அவர், செயலாளர் உன் அத்தை, உறுப்பினர்கள் இவர்களை எதிர்த்துப் பேசத் துணிவில்லாத மற்ற எல்லோரும். அடுத்த மாதம் மண்டபம் எடுத்து அத்தனை பேரையும் கூட்டி, ஆறு தலைமுறைக் குடும்ப மரத்தைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். வரைவது யார்? சர்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்ட நான்தான். வேலைக்குப் போகிற மருமகளா என்று அன்றைக்கு மூக்கைச் சுளித்த அதே வீடு இன்றைக்கு "உன் கை மாதிரி யாருக்கும்மா வரும்" என்கிறது. நானும் ஒத்துக்கொண்டேன், இவர்கள் அடிக்கிற கூத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேறு வழியில்லை.

முதல் கூட்டம் பெரியப்பா வீட்டு ஹாலில். ஓய்வு பெற்றதிலிருந்து மனிதர் சரித்திரப் புத்தகமாக வாங்கித் தள்ளுகிறார், படித்ததை யார் தலையிலாவது இறக்காவிட்டால் அவருக்குச் செரிக்காது. ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே பேசினார். அரசாங்கம், சந்தை, சட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது உறவுதானாம். ராஜாக்கள் சண்டையை நிறுத்தப் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்களாம். சில ஜனங்களிடம் சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாமல் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகுமாம். சில இடங்களில் ஒரே பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைகள், பெற்றவர்கள் வேறாக இருந்தாலும், உடன்பிறந்தவர்கள்தானாம். பழைய காலத்துச் சக்கரவர்த்திகள் சிலர் வேறொருவர் பிள்ளையைத் தத்தெடுத்து நாட்டையே கையில் கொடுத்தார்களாம். இவ்வளவையும் சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மூச்சில், "நம்ம மரத்துல ரத்த சொந்தம் மட்டும்தான், கலப்படம் வேண்டாம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார். உலகமெல்லாம் சுற்றி வந்தவருக்குச் சொந்த வீட்டு வாசல்படி கண்ணில் படவில்லை. உறவு ஊரை எப்படி ஆட்டி வைக்கிறது என்று அவர் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவர் இருந்த குடிநீர் ஆபீசில் ஒரு நாற்காலி காலியானால் விளம்பரம் வராது, கல்யாணப் பேச்சு வரும். அவர் மச்சான், சகலை, சகலையின் தம்பி என்று வரிசையாக உள்ளே போனார்கள், அப்போது ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. நம் தெருக்குழாய் இன்னும் காற்றைத்தான் கக்குகிறது. அங்கே போய்க் கேட்டால் ஆபீசே எழுந்து நின்று நலம் விசாரிக்கும்.

சரி என்று பெயர் கேட்டு எழுத உட்கார்ந்தேன். மேலே இரண்டு தலைமுறையில் ஒரு பெண் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. ஒற்றைப் பையோடு வந்து இந்தக் குடும்பத்தையே நிலைநிறுத்தினார் என்று பெரியப்பா கண் கலங்குவாரே ஒரு பாட்டனார், அவருக்கு அம்மா யார், பெண்டாட்டி யார் என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா" என்றார். ரத்தம் ரத்தம் என்று குதிக்கிறார்கள், அதில் பாதியைக் கொடுத்தவள் பெயரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸ் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். வாயால் கேட்ட எல்லை பென்சிலில், நேரில் போய் நின்று கண்ணால் பார்த்த எல்லை மட்டும் மையில். மேலதிகாரியே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டோம். இந்த மரத்தையும் அப்படியே போட்டேன். நான் பார்த்துப் பழகியவர்கள் கறுப்பு மை, பார்க்காதவர்கள் பென்சில். உன் கட்டத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து உன் மகள் பெயரையும் எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பாட்டனாரைத் தேடினார், அவர் பென்சிலில் இருந்தது பொறுக்கவில்லை. காரணத்தைச் சொன்னேன். பிறகு விரல் கீழே இறங்கி உன் கட்டத்துக்கு அடியில் நின்றது. இது யாரு என்றார். என் பேத்தி என்றேன். "பென்சில்தானே, அழிச்சிடலாம்" என்றார், உன் அத்தை அதற்குள் ரப்பரை எடுத்து நீட்டிவிட்டாள், செயலாளர் அல்லவா. தாராளமாக அழியுங்கள், ஆனால் மேலேயிருந்து ஆரம்பியுங்கள், பென்சிலில் இருக்கிற முதல் ஆள் உங்கள் பாட்டனார்தான் என்றேன். ரப்பரைக் கீழே வைத்துவிட்டார். உன் அப்பா இருமலை வரவழைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உன் அத்தை தாளைக் குனிந்து பார்த்துவிட்டு, குத்தலே இல்லாமல், "அண்ணி, அப்ப நீங்களும் இன்னும் அந்தக் குழந்தையப் பாக்கலியா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்ட ஒரே நல்ல கேள்வி. நான் தாளைச் சுருட்ட ஆரம்பித்தேன். நான்கு வருடத்துக்கு முன்பு, குழந்தையைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு நீ போன் செய்தபோது, "எவ பெத்ததோ, அதுக்குப் போய் நம்ம பேரா" என்று கேட்டது உன் பெரியப்பா இல்லை, நான். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், நான் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே காது கொடுக்கிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்க்காமலே மேஜை டிராயரில் போட்டேன், பிறகு யாரும் இல்லாதபோது எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே கேவலமானவள் நான்தான், மற்றவர்கள் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, கேட்கிறேன்.

போட்டோவைப் பார்த்து எல்லை போட்டால் எங்கள் ஆபீசில் வேலை போய்விடும். நிலமும் எங்களைத் தேடி ஒருநாளும் வந்ததில்லை, நாங்கள்தான் அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போவோம். அதனால் உன்னை வரச் சொல்லவில்லை. அவர்கள் மண்டபத்தில் கூடுகிற அன்றைக்கு நான் விமானத்தில் இருப்பேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மரம் சுருட்டி என் பெட்டியில் இருக்கிறது, அவர்கள் வெறும் சுவரைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். வேண்டாம் என்று தோன்றினால் அப்பாவிடம் சொல்லிவிடு, நான் வருத்தப்படுவேன், குறை சொல்ல மாட்டேன். மருமகளிடமும் நீயே படித்துக் காட்டு, அவள் சம்மதமும் வேண்டும்.

மூவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் இருங்கள். ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. ஒன்று மட்டும் மறக்காதே, பாட்டி என்று கூப்பிடச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதே. அவளும் என்னைப் பார்த்ததில்லை. அவள் தாளில் நானும் பென்சில்தான்.

இப்படிக்கு,
மைப்பேனாவை முதலில் பெட்டியில் வைத்த
உன் அம்மா