வேர்க்கும் கவசம்

அன்பனே,

இன்று காலை உன் மார்புக் கவசம் மீண்டும் வேர்த்திருந்தது.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. உப்பளங்களில் வேலை நின்று, உப்புக் குவியல்களின்மேல் பனையோலை போர்த்தி மூடிவிட்டார்கள். காலைச் செபத்தை முடித்து எழுந்தவன், சுவரில் மாட்டியிருக்கும் உன் கவசத்தின் உட்புறத்தைத் தொட்டேன். உள்ளே ஒட்டியிருக்கும் சாக்கு சொதசொதவென்று ஊறி, கீழ் விளிம்பில் துளி கட்டி நின்றது. ஓடு ஒழுகவில்லை, சுவரும் காய்ந்தே இருந்தது. காற்றின் ஈரத்தை அந்தச் சாக்கு தானாகவே குடித்துக்கொள்கிறது. உப்பு ஏற்றிய சாக்கு அல்லவா? ஒவ்வோர் ஐப்பசியிலும் இப்படித்தான். ஒரு பழந்துணியால் துளிகளை ஒற்றி எடுத்தேன். கடல் வாசம் எழுந்தது. உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

நம் பங்குக் கோயிலின் இயேசு பாடுகளின் நாடகத்தில், சிலுவையடியில் நிற்கும் ரோமாபுரிப் படையின் நூற்றுவர் தலைவன் என்றால் நீதான். மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பேருந்தில் சீட்டுக் கிழித்து முற்றிய குரல் உன்னுடையது. பெரிய வெள்ளியன்று தகரக் கவசம் பூட்டி, கல்வாரிப் பாதையில் கூட்டத்தை விலக்கும்போது, “முன்னாடி போ, முன்னாடி போ, உள்ள எடம் கீதுபா!” என்று உன்னையறியாமல் கத்துவாய். அழுதுகொண்டிருக்கும் சனம் சிரித்துவிடும். நாடகப் பாட்டுகளை எழுதிய எனக்குக் கோபம் வரும். “யோவ் புலவரே, ரோமாபுரி பஸ்ஸுலயும் கண்டக்டர் இருந்திருப்பான்யா” என்பாய். உன் மனைவி பக்கத்தில் நின்று, உன் விலாவில் கவசக் கயிற்றை இழுத்துக் கட்டியபடியே, “மூச்ச இழு. இன்னும் இழு. தொப்பைய வெச்சினு சேவகனாம்” என்பாள்.

சிலுவையடியில் நீ சொல்வதற்கென்று நான் ஒரு வெண்பா யாத்திருந்தேன்.

ஆணி அறைந்தகை ஆசி வழங்கிற்றே
நாணி முகமறைத்தான் ஞாயிறும் – காணீரோ
கொன்றோம் கொடியரெனக் கூறிநாம் கொற்றவரை
இன்றுணர்ந்தேன் நல்லார் இவர்.

தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு அணைத்து, ஒவ்வொரு சீராக நிறுத்தி நீ சொல்லி முடிக்கையில், எழுதியவனாகிய எனக்கே மெய்சிலிர்க்கும்.

பிறகு அந்தப் பேரலை வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும், மருமகன் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள் என்று உன் மனைவி மீன் வாங்கக் கரைக்குப் போனாள். கரையோரக் கொட்டகையில் இருந்த நாடகச் சாமான்களையும் உன் தகரக் கவசத்தையும் கொண்டுபோன கடல், அவளையும் கொண்டுபோயிற்று. அவளை மட்டும் திருப்பித் தந்தது. அவள் நெற்றியிலும் இமைகளிலும் படிந்திருந்த உப்பை உன் துண்டின் முனையால் நீ துடைத்தாய். துடைக்கத் துடைக்க மறுபடியும் பூத்தது. கல்லறையில் பங்குச் சாமியார் செபம் சொல்லி முடித்ததும், எல்லாரும் உன் முகம் பார்த்தோம். “நல்லவ” என்றாய். அந்த ஒரு சொல்லோடு திரும்பி நடந்தாய்.

அடுத்த தவக்காலத்தில் நாடகம் இல்லை. நீ கோயிலுக்கும் வரவில்லை. நான் உன் வீட்டுக்கு வந்து, பொறுமையைப் பற்றியும் தேவ சித்தத்தைப் பற்றியும் பேசினேன். நீ தடுக்காமல் கேட்டாய். கடைசியில் சொன்னாய்:

“புலவரே, நீ டெய்லி படிக்கிறியே, கடல அதட்டி நிறுத்தினவருன்னு. அன்னிக்கி ஏன் அதட்டல? அவரப் போயி நல்லவருன்னு நாலு பேர் எதிர்ல என் வாயால எப்பிடிய்யா சொல்றது? பொய் சொல்றதுக்கு வேற ஆளப் பாரு.”

கடலுக்கு எல்லை வகுத்தவரைப் போற்றும் பாடல்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான்.

அதற்கும் மறு ஆண்டு, நாடகம் மறுபடியும் நடக்கும் என்று பங்கில் முடிவாயிற்று. பாரிசில் இருக்கும் உன் மகள், தாயை அடக்கம் செய்தபோது வந்து சேர முடியாதவள், ஒரு பெரிய அட்டைப் பெட்டியை அனுப்பினாள். அந்த ஊரில் திருவிழா வேடத்துக்கு விற்கிற ரோமாபுரிச் சேவகன் கவசம். முழுதாக அல்ல, தட்டுத் தட்டாக வெள்ளைப் பிளாஸ்டிக், தோல்போன்ற வார்கள், சிறிய ரிவிட்டுகள், படம் போட்ட பிரெஞ்சுத் தாள். நாமே வெட்டி, வளைத்து, பூட்டிக்கொள்ள வேண்டுமாம். தொலைபேசியில் அவள், “அப்பா, இந்த வருஷம் நீ நில்லுப்பா. அம்மா இருந்தா வுடுவாங்களா? அத போட்டோ புடிச்சு அனுப்பு” என்று அழுதாளாம். மறுக்க உனக்கு மனம் வரவில்லை.

“நிக்கிறேன். ஆனா வெண்பா வேணாம். சும்மா ஈட்டி புடிச்சினு நிக்கிறேன்” என்றாய் என்னிடம். நூற்றுவர் தலைவன் வாய் திறக்காவிட்டால் அந்த நாடகம் எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை. பெரிய வெள்ளிக்குள் உன் மனம் மாறும் என்று செபித்துக்கொண்டு, கத்தரிக்கோலோடு உன் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்தேன்.

நம் இருவருக்கும் அந்த வேலையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வெட்ட வேண்டிய கோட்டுக்கு உட்புறமாக நான் வெட்டியதில் இடது தோள்தட்டு குறுகிப்போயிற்று. முழங்கால் மூடியைத் தோளில் வைத்துக்கொண்டு, “சரியா கீதா?” என்று நீ கேட்டாய். நானும் சரி என்றேன். மிச்சமிருந்த இரண்டு துண்டுகளும் காலுக்குப் பொருந்தாதபோதுதான் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்தது. தட்டை வளைக்கும் இடத்தில் துப்பாக்கிபோல் ஒரு கருவி வரைந்திருந்தது. “சுட்டா வளையும்ன்றான் வெள்ளக்காரன். நம்மகிட்ட ஏதுபா துப்பாக்கி?” என்றாய். சூடான காற்றை ஊதும் கருவி அது என்று பின்னால் உன் மகள் சொன்னாள்.

கொதிக்கும் வெந்நீரில் முக்கிப் பார்த்தோம். தட்டு அசையவில்லை. அலைக்குப் பின் கிணறெல்லாம் உவர்த்து, நல்ல தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்த காலம். அதைப் பிளாஸ்டிக் வேகவைக்க வீணாக்க வேண்டாம் என்று, பின்புறத்து அளத்தில் உப்பு விளையும் தறுவாயில் இருந்த கெட்டிநீரைக் குடத்தில் முகந்து அண்டாவில் ஊற்றினாய். அது கொதிக்க நெடுநேரம் ஆயிற்று. கொதித்ததும் தட்டை முக்கினோம், ஈரம் பட்ட அப்பளம்போல் துவண்டது! உப்புநீரின் கொதிப்பு நன்னீரின் கொதிப்பைவிட உறைப்பானது என்பதை இருவரும் வாய்பிளந்து பார்த்தோம். நீ மார்பில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பலகையில் படுத்தாய். துணியால் பிடித்துத் தட்டை உன்மேல் போட்டு அழுத்தினேன். “ஐயோ புலவரே, அரக்கு வெச்ச மாதிரி சுடுதுய்யா! கொலகாரா!” என்று கத்தினாய். உன் மனைவி போனபின் நீ சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஆறியபின் எடுத்தால், உன் மார்பு அப்படியே அதில் பதிந்திருந்தது. முன்னொரு நாள் பேருந்துப் படியிலிருந்து விழுந்து முறிந்த வலப்புற விலாவின் மேடுகூட.

வார்களை ரிவிட் அடித்து முடித்த மாலையில்தான் பூட்டிப் பார்த்தோம். கொக்கிகள் முதுகுப்புறம் இருந்தன. நீ கைகளைப் பின்னால் வளைத்துத் துழாவினாய். எட்டவில்லை. மீண்டும் துழாவினாய். பிறகு கைகளைத் தொங்கவிட்டு, “இத தனியாப் போட முடியாதுபா” என்றாய். நான் எழுந்து வந்து கொக்கியை மாட்டினேன். நீ பழக்கத்தில் மூச்சை இழுத்தாய். இழுக்கச் சொல்ல யாரும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. நான் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது நல்லதாயிற்று.

அந்தத் தவக்காலம் முழுவதும் நீ மெலிந்தாய். வயிற்றுக் கட்டி என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னாய். “பொண்ணுக்குத் தெரிய வேணாம். போட்டோவ பாத்து சந்தோஷப்படட்டும்.” பெரிய வெள்ளியன்று பிற்பகல் கவசத்தைப் பூட்டினால், உன் மார்புக்கும் தட்டுக்கும் நடுவே என் கை புகுந்தது. உன் உடலுக்கென்று வார்த்தது உனக்கே பெரிதாகிவிட்டது. நடந்தால் கலகலத்தது. நேரம் இல்லை. கைக்கு அகப்பட்ட சாக்கைக் கிழித்து, மடித்து, உள்ளே பசைபோட்டு ஒட்டினேன். உப்பு மூட்டை கட்டிய சாக்கு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நம் ஊரில் சாக்கு என்றாலே உப்புச் சாக்குதானே?

சித்திரை வெயிலை எட்டிப்பிடித்த அந்தப் பிற்பகலில் பாதை நெடுகிலும் நீ ஈட்டியை ஊன்றியே நடந்தாய். கூட்டத்தில் ஒருவன், “என்னா கண்டக்டரே, இந்த வருசம் டிக்கெட் குடுக்கலியா?” என்று கேட்டான். நீ நின்று மூச்சு வாங்கி, “இது போற வண்டிபா. ரிட்டர்ன் கெடையாது” என்றாய். அவன் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிற்று.

மேடை மறைவில் உன் அருகே வந்தேன். “எரியுது புலவரே. உள்ள என்னாத்த வெச்ச?” என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேர்வையில் சாக்கின் உப்பு கரைந்து உன் மார்பிலே வழிந்துகொண்டிருந்தது. கொக்கியில் கைவைத்தேன். நீ தடுத்தாய். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து மோந்தாய். “இருக்கட்டும்” என்றாய்.

சிலுவையில் தலை சாய்ந்தது. முரசு நின்றது. வழக்கமாக உன் வெண்பா எழும் இடம். நீ ஈட்டியோடு அசையாமல் நின்றாய். கூட்டம் காத்திருந்தது. நீ சொன்னபடியே சும்மா நிற்கப்போகிறாய் என்று நான் தலை கவிழ்ந்தேன். அப்போது பிளாஸ்டிக் தலைக்கவசத்தை நீ கழற்றும் ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சிலுவையடிக்குப் போய், தொங்கும் பாதங்களை உன் துண்டின் முனையால் துடைத்தாய். நாடகத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. பிறகு சனத்தைப் பார்த்துத் திரும்பினாய். சீட்டுக் கிழித்த அந்தக் குரல் போய், வீட்டுக்குள் பேசுகிற குரலில்,

“நல்லவருங்க இவரு” என்றாய்.

அவ்வளவுதான். கடற்கரையில் யாரையாவது பறிகொடுக்காத வீடு அந்தக் கூட்டத்தில் எத்தனை இருந்திருக்கும்? முதலில் ஒரு பெண் விம்மினாள். பிறகு பந்தலே அழுதது.

கவசத்தைக் கழற்றும்போது உன் மார்பு செக்கச்செவேலென்று கன்றியிருந்தது. நல்ல தண்ணீரால் நான் துடைக்கையில் நீயாகவே சொன்னாய்:

“அந்த உப்பு வாசனபா. அன்னிக்கி அவ மேல அடிச்ச அதே வாசன. அவ நல்லவ. அவளுக்கு அப்பிடி ஆச்சி. அண்ணாந்து பாத்தா, இவருக்கும் அப்பிடித்தான் ஆயிருக்குது. கடல ஏவினவரப் பத்தி எனக்கு இன்னும் தெரியாது, புலவரே. செத்தவரப் பத்திச் சொன்னேன். அது பொய் இல்ல.”

உன் மகளுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. மெலிவு தெரியாதபடி கவசம் உன்னைக் காத்தது. அதற்காகவாவது அது பயன்பட்டது. மழை தொடங்கிய நாள்களில் நீ போனாய். அடக்கத்துக்கு அவள் வந்துவிட்டாள். உனக்காக நான் இரங்கற்பா எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். குழி விளிம்பில் எல்லாரும் என் முகம் பார்த்தபோது, தாளை எடுக்கக் கை வரவில்லை. “நல்லவன்” என்றேன். திரும்பி நடந்தேன்.

புறப்படும் நாளில் உன் மகள் கவசத்தைக் கொண்டுபோக எடுத்தாள். உட்புறம் கைவிட்டு, விலா முறிந்த அந்த மேட்டைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கை நனைந்திருப்பதைக் கண்டு, “என்னா மாமா, வேர்த்துக் கீது?” என்று கேட்டாள். உப்புச் சாக்கின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னிடமே நீட்டினாள். “அங்க இது காஞ்சி போயிடும் மாமா. இங்கயே இருக்கட்டும்.”

இப்போது வேறொருவர் நூற்றுவர் தலைவனாக நிற்கிறார். வெண்பாவை வழுவின்றிச் சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டே வந்து, ஈற்றடிக்கு முன் என் செவியை அடைத்துக்கொள்கிறேன். அங்கே உன் குரல்தான் எனக்கு. கடலை அடக்கியவரைப் போற்றும் பாடலை இன்றும் காலையில் ஓதினேன். ஓதி முடித்தபின், வீட்டுச் சிலுவை மரத்தில் தொங்கும் அந்தப் பாதங்களின் பக்கம் திரும்பி நீ சொன்னதையும் சொன்னேன். நெடுநாளாக என் செபம் அப்படித்தான் முடிகிறது.

சாக்கைப் பிய்த்தெறிந்தால் கவசம் காயும் என்கிறார்கள் வீட்டில். சுவரெல்லாம் உப்புப் பூத்துப்போகிறதாம். துளிகளைத் துடைத்த துணியை இப்போதுதான் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், விலா மேட்டுக்குக் கீழே மறுபடியும் ஒரு துளி கட்டுகிறது.

கட்டட்டும்.